ஆர்எக்ஸ்-7 எஃப்டி: ஃப்யூல் பிரஷர் கேஜ் மாட்டியாச்சு, இன்ஜின் சூடானா முள் இறங்குது. பம்ப் போயிடுச்சா?

இரட்டைரோட்டார்:
வண்டி மஸ்டா எஃப்டி3எஸ், 13பி-ஆர்இடபிள்யூ ரோட்டரி இன்ஜின், கம்பெனி ட்வின் டர்போ, பூஸ்ட் 0.7 பார். ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), பம்ப் ரெண்டும் வெளி மார்க்கெட். பெட்ரோல் அழுத்தத்தை இன்டேக் அழுத்தத்துக்கு மேல ஒரே அளவில் வைக்கிற ரெகுலேட்டர் கம்பெனியோடது.

டேங்கிலிருந்து வர்ற சப்ளை ரப்பர் ஹோஸை வெட்டி ஒரு டீ (மூணு வாய் இணைப்பு) போட்டு, அதில் 0–7 பார் கிளிசரின் கேஜை நேரடியா திருகியிருக்கு. இடம், டர்போவுக்கு மேல் பக்கம். ரீடிங் இப்படி:

குளிர்ந்த இன்ஜின், ஐடில்: 2.0 பார். ரெகுலேட்டர் வேக்கம் ஹோஸைக் கழற்றினா 2.5.
நல்லா சூடான பிறகு, ஐடில்: 1.6. ஹோஸைக் கழற்றினா 2.1.

குளோஸ்டு லூப் கரெக்‌ஷனை (ஈசியூ தானா மிக்சரைத் திருத்துறது) அணைச்சு வெச்சுதான் பார்த்தேன். வைட்பேண்டில் (மிக்சர் அளக்கிற எக்ஸாஸ்ட் சென்சார்) மிக்சர் சூட்டிலும் குளிரிலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பம்ப் சூட்டில் தளருதா, ரெகுலேட்டரா? அப்புறம், கேபினில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு கேஜ் வேணும். இதே கேஜுக்கு நீளமா ஹோஸ் இழுத்து டேஷ்போர்டில் வைக்கலாமா?

நீலப்பொறி:
கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கூடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கிற பெட்ரோல் ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே வரவே கூடாது. கேபினுக்கு எலக்ட்ரிக் சென்சார், வயர் மட்டும் உள்ளே.

பம்ப் பத்தி: சூட்டில் தளருற பம்பு நிறைய உண்டு. மாத்திப் பாருங்க.

பழைய_ரெஞ்சு:
பம்பை மாத்தாதீங்க தம்பி, அதுக்கு முன்னாடி கேஜை விசாரிங்க.

ரெகுலேட்டர் ஹோஸ் கழற்றின நிலையில் அழுத்தம் நிஜமாவே 2.5-ல் இருந்து 2.1 ஆகியிருந்தா, இன்ஜெக்டர் விடுற பெட்ரோல் 8 சதவீதம் குறைஞ்சிருக்கணும். பாயுற அளவு அழுத்தத்தோட வர்க்கமூலக் கணக்கில்தான் மாறும். ஐடிலில் இறக்கம் 2.0-ல் இருந்து 1.6ன்னு சொல்றீங்க, ஆனா இன்ஜெக்டர் முனை வேக்கத்தில் இருக்கறதால அங்கேயும் வித்தியாசம் அதே அளவுதான். 8 சதவீதம் குறைஞ்சா கரெக்‌ஷன் இல்லாத வைட்பேண்ட் சும்மா இருக்காது. அது அசையலைன்னா அழுத்தமும் அசையலை.

கிளிசரின் கேஜ் சீல் பண்ணின பெட்டி. உள்ளே இருக்கிற வளைகுழாய், தனக்குள் இருக்கிற பெட்ரோல் அழுத்தத்துக்கும் பெட்டிக்குள் இருக்கிற அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். பெட்டி சூடானா கிளிசரின் விரியும், மேலே இருக்கிற கொஞ்சூண்டு காற்று நசுங்கும், பெட்டி அழுத்தம் ஏறும், முள் கீழே வரும். ரோட்டரியில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் இன்ஜினோட ஒரே பக்கம், ஸ்பார்க் பிளக் எதிர்ப்பக்கம். நீங்க கேஜை வெச்சிருக்கிறது அடுப்புமேல.

உறுதி பண்ண ஒரு நிமிஷ வேலை. சூடா ஓடும்போது, 1.6 காட்டும் நேரத்தில், கேஜ் தலையில் இருக்கிற ரப்பர் அடைப்பானை நகத்தால் லேசா நெம்பி ஒரு பக்கம் தூக்குங்க. 'புஸ்'னு காற்று வெளியேறி முள் 2.0-க்குத் தாவினா குற்றவாளி கேஜ்தான். கை டர்போ பக்கம் போகுது, பார்த்து. கேஜ் நிமிர்ந்து நிக்கணும், சாய்ஞ்சிருந்தா கிளிசரின் வழியும்.

இரட்டைரோட்டார்:
தாவிடுச்சு அண்ணே! 1.6-ல் இருந்து 2.0. குளிர விட்டு, மறுபடி சூடாக்கிப் பார்த்தாலும் அதே கதை.

பழைய_ரெஞ்சு:
அந்த அடைப்பானில் சின்ன முனை நீட்டிக்கிட்டு இருந்தா அதை வெட்டி விட்டா பெட்டி மூச்சு விடும். முனை இல்லாத மாடலா இருந்தா வேற கேஜ். ஆனா எப்படியும் அந்த இடத்தில் கேஜ் இருக்கக் கூடாது. டீயில் நேரடியா தொங்குற கேஜின் எடை முழுக்க அந்தப் பித்தளைக் கழுத்தில்தான். அதிர்வில் கழுத்து விண்டா பெட்ரோல் விழுற இடம் டர்போ. எஃப்டியில் பிரைமரி ரெயிலில் (இன்ஜெக்டருக்கு பெட்ரோல் தர்ற குழாய்) துடிப்பை அடக்குற பல்சேஷன் டேம்பர் கசிஞ்சு எரிஞ்ச வண்டிகள் ஏற்கெனவே போதும்.

வயர்மேன்:
கேபினுக்கு எலக்ட்ரிக்னு முடிவானதால, சென்சாரையும் மெக்கானிக்கல் கேஜையும் ஒரே டீயில் கொண்டு வந்துடலாம். நான் பரிந்துரைக்கிற அமைப்பு:

சப்ளை ஹோஸில் வர்ற டீ சும்மா நடுவழிதான். அதன் பக்கவாட்டுத் துளையிலிருந்து ஏஎன்-4 அளவு டெஃப்ளான் உள்வரி பின்னல் ஹோஸ், 30–45 செ.மீ. போதும். அதைப் பிளக் பக்கம், உள் ஃபெண்டரில் போல்ட் போட்ட ஒரு சின்ன பிளாக்குக்குக் கொண்டு போங்க. சென்சாரும் கேஜும் அங்கே. எடை உடம்பில் நிக்கும், ஹோஸ் மட்டும் ஆடும். டீயிலிருந்து ஹோஸ் கிளம்பும் இடத்திலேயே 1 மி.மீ. துளை உள்ள ரெஸ்ட்ரிக்டர் போடுங்க: பம்ப் துடிப்பில் முள் நடுங்காது, என்றைக்காவது ஹோஸ் பிய்ஞ்சாலும் பீச்சுற அளவு குறையும். முட்டுச்சந்து ஹோஸில் காற்று மாட்டினா ரீடிங்குக்குக் கெடுதல் இல்லை.

சென்சார் மூணு வயர், 5 வோல்ட் வகை, 0–7 பார் அல்லது 0–10 பார். 100 பி.எஸ்.ஐ. வகைன்னா 0-க்கு 0.5 வோல்ட், 100-க்கு 4.5 வோல்ட், நடுவில் நேர்கோடு. 36 பி.எஸ்.ஐ.க்கு (சுமார் 2.5 பார்) 1.94 வோல்ட் வரணும். கிரவுண்டை பாடியில் போடாதீங்க, ஈசியூவின் சென்சார் கிரவுண்டில் போடுங்க. பாடியில் போட்டா ஃபேன், பம்ப் ஓடும்போதெல்லாம் ரீடிங் ஊசலாடும், நீங்க மறுபடி பம்பை சந்தேகப்படுவீங்க. மாட்டின உடனே, லைனில் அழுத்தமே இல்லாதப்போ 0.5 வோல்ட் வருதான்னு பாருங்க. அதுதான் உங்க பூஜ்யம்.

நீலப்பொறி:
திருகு விஷயத்தைச் சொல்லலையே. சென்சாரில் பெரும்பாலும் 1/8 என்பிடி (அமெரிக்கக் கூம்புப் புரி), ஜப்பான் கேஜில் 1/8 பிடி (வேற கூம்புப் புரி). ரெண்டும் கையில் ரெண்டு சுற்று அழகா ஏறும். ஒண்ணு அங்குலத்துக்கு 27 புரி, மற்றது 28; கோணமும் 60, 55ன்னு வேற. கலந்து போட்டா இறுக இறுக பிடிக்குது, ஆனா கசியும். டெஃப்ளான் டேப் சுத்தாதீங்க, பிசிறு உதிர்ந்து இன்ஜெக்டர் வலையில் போய் உட்காரும். பெட்ரோல் தாங்குற திரவ சீலன்ட், முனையிலிருந்து ரெண்டு புரி விட்டுப் பூசுங்க. கையால் இறுக்கி, அதுக்கு மேல் ரெஞ்சில் ஒன்றரை சுற்று. ஏஎன் கூம்பு முனைக்கு சீலன்ட் எதுவுமே வேண்டாம்.

பழைய_ரெஞ்சு:
ரப்பர் ஹோஸ் மாத்தினா மேல் அச்சில் 30ஆர்9 (இன்ஜெக்‌ஷன் ஹோஸ் தரம்) இருக்கணும். கார்பரேட்டர் ஹோஸ் 30ஆர்7 இந்த அழுத்தத்துக்கும் இந்தச் சூட்டுக்கும் ஆகாது. கிளாம்ப் முழு வட்டம் பிடிக்கிற இன்ஜெக்‌ஷன் வகை. துளை போட்ட புழு கிளாம்ப் ரப்பரை அறுத்துடும்.

வேலை தொடங்கும் முன் அழுத்தத்தை இறக்கணும்: பம்ப் கனெக்டரைப் பிடுங்கி, இன்ஜினை ஓட விட்டு, தானா அணையட்டும். பிறகு பேட்டரி மைனஸ். டேங்க் மூடியையும் திறந்து வைங்க, ஹோஸின் கீழ் துணி.

முடிச்ச பிறகு இன்ஜினைத் தொடாம கசிவு பாருங்க. டயக்னோஸ்டிக் பெட்டியில் எஃப்/பி, கிரவுண்ட் ரெண்டு டெர்மினலையும் ஒரு வயரில் இணைச்சு சாவியை ஆன் பண்ணினா பம்ப் ஓடும். பத்து நிமிஷம் ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் துடைச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். சூடான பிறகு இன்னொரு தடவை. தீயணைப்பான் பக்கத்தில் இருக்கணும்ங்கிறதைத் தனியா சொல்லணுமா?

இரட்டைரோட்டார்:
எல்லாம் அப்படியே மாட்டியாச்சு, கசிவு இல்லை. ஐடில் சூட்டிலும் 2.0 நிலையா நிக்குது. லாகிலிருந்து:

மேனிஃபோல்ட் 0 (வளிமண்டலம்): 2.5
பூஸ்ட் 0.3, 3500 ஆர்பிஎம்: 2.8
பூஸ்ட் 0.7, 4000 ஆர்பிஎம்: 3.2
பூஸ்ட் 0.7, 6500 ஆர்பிஎம்: 2.9

3.2ம் 2.9ம் ரெண்டுமே 2.5-ஐ விட அதிகம்தானே. இது சரியா?

வயர்மேன்:
தப்பு. ஆக்ஸிலேட்டரைக் கீழே விடுங்க, இதைச் சரி பண்ணுற வரை பூஸ்ட் வேண்டாம்.

ரெயில் அழுத்தத்தைத் தனியா படிக்காதீங்க. அதிலிருந்து மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கழிச்சுப் படிங்க. 4000-ல் 3.2 கழித்தல் 0.7, 2.5. சரி. 6500-ல் 2.9 கழித்தல் 0.7, 2.2. இன்ஜெக்டருக்குக் கிடைக்கிறது 2.5-க்குப் பதில் 2.2, அதாவது பெட்ரோல் 6 சதவீதம் குறைவு, அதுவும் அதிகம் தேவைப்படுற இடத்தில். ரோட்டரியில் பூஸ்ட்டில் மிக்சர் மெலிஞ்சு வெடிச்சா, ரோட்டார் முனையில் இருக்கிற 2 மி.மீ. அபெக்ஸ் சீல்தான் அடி வாங்கும். லாகர் சேனலில் அந்தக் கழித்தலையே ஒரு வரியா போட்டு, எப்பவும் தட்டையா இருக்கான்னு பாருங்க.

ரெகுலேட்டரும் அதன் ஹோஸும் குற்றவாளியா இருந்தா 4000-லேயே ஏறியிருக்காது. ஏறி, பிறகு ஓட்டம் அதிகமாகும்போது விழுந்தா, வர்ற பக்கம்தான் மூச்சுத் திணறுது: ஃபில்டர், டேங்க் உள் வடிகட்டி, பம்ப், பம்புக்கு வர்ற வோல்ட். மலிவானதிலிருந்து தொடங்குங்க. லோடில் பம்ப் டெர்மினலில் எவ்வளவு வருது?

இரட்டைரோட்டார்:
பேட்டரியில் 13.9, பம்ப் டெர்மினலில் 11.3. பிளஸ் பக்கம் விழுறது 2.2, மைனஸ் பக்கம் 0.4.

வயர்மேன்:
மொத்தம் 2.6, கணக்கு இடிக்கலை. பெரிய பம்ப் இழுக்கிற கரன்ட்டை கம்பெனி வயரிங் தாங்கலை. எஃப்டியில் பம்புக்கு ரெண்டு வேகம் உண்டு: லேசான லோடில் ரெசிஸ்டர் வழியா, கனமான லோடில் ரிலே அதைத் தாண்டி முழு வோல்ட். ரிலே தொடுமுனை கருகியிருந்தா முழு வோல்ட் வராது. ரிலே இரு முனைக்கும் இடையே மட்டும் அளந்தா பங்கு தெரியும். எப்படியும் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வெச்சு தடித்த வயர், புது ரிலே, பழைய பம்ப் வயர் அந்த ரிலேயை இயக்க மட்டும். மைனஸையும் பாடியில் புது இடத்தில் இறக்குங்க, பெயின்டைச் சுரண்டிட்டு.

இரட்டைரோட்டார்:
போட்டாச்சு. பம்பில் இப்போ 13.4, 6500-ல் 3.2. ரொம்ப நன்றி அண்ணே.

ரெண்டு சந்தேகம் பாக்கி. சூட்டில் ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் ஐடில் அழுத்தம் 2.5 காட்டி பிறகு 2.0-க்கு வருது. அணைச்சதும் ஒரு நிமிஷத்தில் பூஜ்யம்.

பழைய_ரெஞ்சு:
முதலாவது கோளாறே இல்லை. சூடான ஸ்டார்ட்டில் பிஆர்சி சொலினாய்டு ரெகுலேட்டருக்குப் போற வேக்கத்தை அடைச்சு, ரெயிலில் பெட்ரோல் கொதிக்காம அழுத்தத்தை ஏத்தி வைக்கும். உங்க ஈசியூவில் அந்த வேலை இன்னும் இருக்கு, அவ்வளவுதான். அந்தச் சிறிய ஹோஸ்களில் பூஸ்ட் வருமிடங்களில் கட்டு இருக்கட்டும், ஒண்ணு கழண்டா ரெகுலேட்டர் பூஸ்ட்டைப் பார்க்காது.

ரெண்டாவதுக்கு கிள்ளிப் பார்க்கிற சோதனை. பம்பை ஓட்டி நிறுத்தினதும் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை நசுக்குங்க. அழுத்தம் நின்னா ரெகுலேட்டர் கசியுது. நிக்கலைன்னா, அடுத்த முறை டீக்கு முன்னாடி சப்ளை ஹோஸை நசுக்குங்க. நின்னா பம்பின் செக் வால்வ். ரெண்டையும் நசுக்கியும் இறங்கினா இன்ஜெக்டர் சொட்டுது, அதுதான் ரோட்டரியில் பெட்ரோல் நிறைஞ்சு ஸ்டார்ட் ஆகாமப் போற வழி. பின்னல் ஹோஸை நசுக்காதீங்க, உள்வரி மடிஞ்சு கெட்டுடும்.

இரட்டைரோட்டார்:
சப்ளையை நசுக்கினா நிக்குது.

பழைய_ரெஞ்சு:
அப்போ செக் வால்வ். பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி இறங்குது, இன்ஜினுக்குள் போகலை. ஸ்டார்ட் பண்ணும் முன் சாவியை ஆன் பண்ணி ரெண்டு விநாடி பம்ப் ஓடட்டும். பம்பை அடுத்து வெளியே எடுக்கும்போது பார்த்துக்கலாம், இதுக்காக இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டாம்.