ஷார்ட் சேல்ல பேங்க் விட்டுக்கொடுத்த 62,000 டாலருக்கு டாக்ஸா?

தாம்பாக்காரன்: எல்லாருக்கும் வணக்கம். 2022ல ஃப்ளோரிடால ஒரு காண்டோ (அபார்ட்மென்ட் வீடு) வாங்கினேன், குடியிருந்ததும் அதுலதான். போன வருஷம் வேலை போச்சு, அசோசியேஷன் பணமும் ஏறிட்டே போச்சு, கடைசில பேங்க்ல பேசி ஷார்ட் சேல், அதாவது கடன் பாக்கிய விட கம்மி வெலைக்கு வித்தேன். லோன் பாக்கி 3,85,000, பேங்க் கைக்குப் போனது 3,23,000, மிச்சத்த தள்ளிட்டாங்க. நிம்மதின்னு நெனச்சா இப்ப தபால்ல 1099-சின்னு கடன் தள்ளுபடிக்கான வரி ஃபார்ம் வந்து நிக்குது, ரெண்டாவது கட்டத்துல 62,000னு போட்டிருக்கு. இத வருமானமா காட்டணுமாம். வீடே இல்லாதவனுக்கு என்னய்யா வருமானம்?

வெட்டிவேர்: அப்படியே கிழிச்சுப் போடுங்க ப்ரோ. கைக்கு ஒரு டாலர் வந்துச்சா? இல்ல. அப்புறம் எங்க இருந்து வருமானம். 22 பர்சென்ட் வரின்னாலும் 13,640 டாலர், அடிபட்டவன் வயித்துலயே மிதிக்கிறது இது.

கணக்குப்பிள்ளை: தயவுசெஞ்சு கிழிக்காதீங்க தம்பி, அதே பேப்பரோட ஒரு காப்பி ஐஆர்எஸ்ஸுக்கும் (அமெரிக்க வரித்துறை) போயிருக்கும். வருமானம் எங்கன்னு கேக்குறீங்கல்ல, 2022லயே வந்துடுச்சு. லோன் காச வெச்சு வீடு வாங்கினப்ப அதுக்கு வரி கேட்டாங்களா? திருப்பிக் குடுக்கப்போற காசுன்னுதான கேக்கல. இப்ப 62,000 குடுக்க வேணாம்னு ஆயிடுச்சு, அப்ப அது உங்க காசாயிடுச்சு, அவ்ளோதான் லாஜிக். 1931லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கிர்பி லம்பர்னு ஒரு கம்பெனி, தான் வித்த கடன் பத்திரத்தையே குறைஞ்ச வெலைக்கு திரும்ப வாங்கி 1,37,521 டாலர் மிச்சம் பண்ணுச்சு, அது வருமானம்தான்னு தீர்ப்பு.

வெட்டிவேர்: சார் அந்த கம்பெனி லாபம் பாத்துச்சு, இவரு சாவியக் குடுத்துட்டு வெளிய வந்திருக்காரு, ரெண்டும் ஒண்ணா? அமெரிக்க காங்கிரஸுக்கே மனசு கேக்காமதான 2007 டிசம்பர்ல வீட்டுக்கடன் தள்ளுபடிக்கு விலக்கு குடுத்து தனியா ஒரு சட்டம் போட்டாங்க, புஷ் கையெழுத்து போட்டாரே. நியாயமா இருந்தா விதிவிலக்கு எதுக்கு?

மாசாமாசம்_கட்டுறவன்: நான் ஒருத்தன் ரெண்டு வேலை பாத்து ஒழுங்கா கட்டிட்டு இருக்கேன், எனக்கு எவனும் 62,000 தள்ளல. மன்னிச்சதும் போதாது அதுக்கு வரியும் வேணாமாம், நல்லா இருக்கு கதை.

வெட்டிவேர்: உங்களுக்கு வேலை போகும்போது வாங்க, பேசுவோம்.

கணக்குப்பிள்ளை: சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க. வெட்டிவேர் சொன்ன அந்த விலக்குதான் இவருக்கு வழி, ஆனா கிழிச்சுப் போட்டா அது கிடைக்காது, ஃபார்ம் 982 ரொப்பிக் கேட்டாதான் கிடைக்கும். ஆரம்பத்துல 20 லட்சம் டாலர் வரைக்கும் இருந்துச்சு, 2021லேந்து 7,50,000. குடியிருந்த மெயின் வீடா இருக்கணும், கடனும் அந்த வீட்ட வாங்கவோ கட்டவோ பெருசா சீரமைக்கவோ வாங்கினதா இருக்கணும். இன்னொண்ணு, 2025 முடியறதுக்குள்ள கடன் தள்ளுபடி ஆகியிருக்கணும், இல்ல அதுக்குள்ள எழுத்துல ஒப்பந்தமாவது ஆகியிருக்கணும். உங்க 1099-சில முதல் கட்டத்துல என்ன தேதி போட்டிருக்கு? நடுவுல ரீஃபைனான்ஸ், அதாவது பழைய லோன அடைச்சுட்டு புது லோன், ஏதும் பண்ணீங்களா?

ஒர்லாண்டோ_பழசு: அந்த ரீஃபைனான்ஸ் கேள்விலதான் நான் செத்தேன். 2006ல வீட்டு வெல ஏறுதேன்னு ரீஃபைனான்ஸ் பண்ணி 50,000 உருவினேன், 35,000 தங்கச்சி கல்யாணத்துக்கு, 15,000 கார். 2010ல ஷார்ட் சேல், 70,000 தள்ளுபடி. அதான் சட்டம் இருக்கேன்னு மொத்தத்தையும் விலக்குல போட்டுட்டேன், வரி போட்டுக் குடுத்தவரும் ஒண்ணும் கேக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு லெட்டர். தள்ளினதுல மொதல்ல நான் உருவின அந்த 50,000த்த கழிச்சுட்டு மிச்சம் 20,000க்குதான் விலக்காம். பாதிக்குப் பாதியாவது பிரிப்பாங்கன்னு பாத்தேன், அதுவும் இல்ல. சொத்த விட கடன் ஜாஸ்தின்னு காட்டி தப்பிக்கலாம்னா 401(கே) ஓய்வுக்கால சேமிப்புப் பணத்தையும் சொத்துல சேக்கணுமாம். வட்டியோட கட்டி முடிச்சேன். தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல.

தாம்பாக்காரன்: அண்ணே உங்களுக்கு வந்தது யாருக்கும் வரக்கூடாது. நான் ரீஃபைனான்ஸ் பண்ணல, வாங்கின அதே லோன்தான். தேதி 2025 டிசம்பர் 11.

கணக்குப்பிள்ளை: அப்ப 62,000த்துக்கும் வரி இல்ல. அந்த 13,640 கவலைய விடுங்க.

வெட்டிவேர்: பாத்தீங்களா, கடைசில நான் சொன்னதுதான், வரி இல்ல.

கணக்குப்பிள்ளை: நீங்க சொன்னது கிழிக்கச் சொல்லி.

தாம்பாக்காரன்: சார் இன்னொரு கவர் பிரிக்காம வெச்சிருந்தேன், இப்பதான் பாத்தேன். கிரெடிட் கார்டு செட்டில்மென்ட், 9,000க்கு இன்னொரு 1099-சி. இதுவும் அதே ஃபார்ம்ல போயிடுமா?

கணக்குப்பிள்ளை: ஃபார்ம் அதேதான், காரணம் வேற. வீட்டு விலக்கு கார்டுக்கு கிடையாது. கார்டுக்கடன் தள்ளுபடி ஆகறதுக்கு முந்தின நிமிஷம் உங்க மொத்த கடன் மொத்த சொத்த விட எவ்ளோ ஜாஸ்தியோ அந்த அளவுக்குதான் விலக்கு. 6,000 ஜாஸ்தின்னா 6,000, மிச்சம் 3,000 வருமானம். கார், பேங்க்ல இருக்கறது, நகை, 401(கே) எல்லாத்தையும் எழுதுங்க.

தாம்பாக்காரன்: திருச்சிகிட்ட என் பேர்ல ஒரு மனை கெடக்கு, அப்பா வாங்கிப் போட்டது, அதுவுமா?

கணக்குப்பிள்ளை: உங்க பேர்ல இருந்தா அதுவும்தான். இன்னைக்கு வித்தா என்ன வெல போகுமோ அத டாலர்ல மாத்திப் போடுங்க.

தாம்பாக்காரன்: ஒன்பதாயிரத்துக்காக இப்ப அப்பாக்கு போன் பண்ணி மனை என்ன வெலைன்னு கேட்டா, விக்கப்போறேன்னு நெனச்சுப்பாரு.