அம்மம்மாட பெட்டிக்குள்ள இருந்த வெள்ளிக்காசு: எல்லாத்தையும் ஒரே விலைக்குக் குடுக்கலாமா?

களுவாஞ்சிக்குடியான்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மம்மாட சீதனப் பெட்டிக்குள்ள கொஞ்சம் பழைய காசு கிடந்திச்சு. இந்திய ரூபா: விக்டோரியா 1862, 1901, ஜோர்ஜ் 1911, 1918, 1944, 1947. இலங்கை 50 சதம்: 1893, 1925, 1943 (இது மஞ்சள் நிறம்). ஒரு தடிச்ச அம்மாட தலை போட்ட பெரிய காசு, 1780 எண்டு இருக்கு. கிழக்கிந்தியக் கம்பனி பேரோட ராமர் சீதை படம் போட்ட 1818 காசும் ஒண்டு. டவுன்ல ஒரு நகைக்கடையில எல்லாத்தையும் ஒண்டாத் தராசில போட்டு கிராமுக்கு ஒரே விலை சொல்லுறாங்க. பேஸ்புக்கில 1862க்கு லட்சக்கணக்கில விலை போட்டிருக்கு. எது உண்மை? எல்லாம் கறுத்துக் கிடக்கு, புளி போட்டு மினுக்கிக் கொண்டு போனா நல்ல விலை வருமா?

வாவிக்கரை:
புளி, சாம்பல், பற்பசை, பிறாசோ ஒண்டும் வேண்டாம். கறுப்பு வெள்ளியின் மேற்படை. அதை உரசினால் காசின் மேல்தோலும் சேர்ந்து போகும். மினுக்கின காசை சேகரிப்பவர் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாலே மெல்லிய கீறல்கள் தெரியும், விலை பாதியாகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசற்றோனில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஒற்றி உலரவிடுங்க. தேய்க்க வேண்டாம்.

பழங்காசு பாண்டிருப்பு:
தம்பி, முதலில் எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கொடுக்காதீங்க. உங்கட பட்டியலில் குறைந்தது நாலு விதமான உலோகம் கிடக்கு.

இந்திய ரூபா 1939 வரை 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது ஒரு காசுக்குள் ஏறத்தாழ 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940இலிருந்து 1945 வரை அதே நிறை, ஆனால் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். உங்கட 1944இன் விளிம்பைப் பாருங்க, வரிகளுக்கு நடுவில் ஒரு பள்ளம் ஓடும். 1947 ரூபாவில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல். நிறை அதே 11.66 என்பதால் தராசு அதைக் காட்டிக்கொடுக்காது. காந்தம் காட்டும்.

இலங்கைக்கென்று பிரித்தானியர் வெள்ளியில் ஒரு ரூபாக் காசு அடிக்கவில்லை, இந்திய ரூபாதான் இங்கேயும் ஓடியது. ஆகவே ‘இலங்கை ஒரு ரூபா விக்டோரியா வெள்ளி’ என்று எவராவது காட்டினால் கதையை முடிச்சிடலாம். இங்கே 1892 முதல் வந்த வெள்ளி 50, 25, 10 சதங்கள். 50 சதம் 5.83 கிராம். 1917 வரை 80 சதவீதம், 1919 தொடக்கம் 55 சதவீதம். உங்கட 1893இல் 4.66 கிராம் வெள்ளி, 1925இல் 3.2 தான். 1943 மஞ்சள் காசு நிக்கல் பித்தளை.

இனி உண்மையா பொய்யா என்பது. நகைக்கடைத் தராசு, 0.01 கிராம் காட்டுவது வேணும். முதலில் காசை உலர்ந்தபடி நிறுங்க. மறுகா சின்னக் கிளாசில் தண்ணீர் வைத்து, தராசில் ஏற்றி, பூச்சியத்துக்குக் கொண்டு வாங்க. காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, முழுதாகத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்க. அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது, காசில் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டுவது காசு தள்ளிய தண்ணீரின் நிறை. உலர் நிறையை அதால் பிரிச்சா அடர்த்தி. 11.66 கிராம் ரூபா 1.13 காட்டினால் 10.3 வரும், அது சரி. 80 சதவீதக் காசுக்கு 10.1, 55 சதவீதத்துக்கு 9.7. செம்பு, நிக்கல், பித்தளைக் கலவைகள் எல்லாம் 9க்குக் கீழே. 10 சதத்துக்கு இந்தச் சோதனை சரிவராது. அது 1.17 கிராம்தான், 0.01 பிழைத்தாலே விடை 9.7க்கும் 10.6க்கும் இடையில் ஆடும். ஒரே வகையில் பத்துக் காசு இருந்தால் சேர்த்துக் கட்டி நிறுக்கலாம்.

கண்ணால் பார்க்க பத்து மடங்கு பூதக்கண்ணாடி போதும். வார்த்த போலியில் எழுத்தோரங்கள் உருண்டு மழுங்கியிருக்கும், எழுத்தோ படமோ இல்லாத வெறும் பரப்பில் ஊசிக்குத்துப் போல் துளைகள் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒரு பொருத்துக்கோடு ஓடும் அல்லது அதை அராவிய தடம் இருக்கும்.

1862 பற்றி: அந்த வருடத்தை 1873 வரை மாற்றாமலே அடித்தார்கள். அதற்கு முந்திய 1840 காசும் அப்படித்தான். 1862 மலிந்த காசு, லட்சக்கணக்கு விளம்பரம் எல்லாம் ஆளைப் பிடிக்கிற வேலை. சில 1862களில் இருக்கும் சிறு புள்ளிகளின் எண்ணிக்கையைப் பார்த்து சேகரிப்பவர்கள் கூடக் கொடுப்பதுண்டு, அது வேறு. 1911ஐத் தனியே வையுங்க. மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி இருக்கு என்று எதிர்ப்பு வந்து, பெரும்பகுதியை உருக்கினார்கள். 1912இலிருந்து யானையின் உருவம் திருத்தப்பட்டது.

1780 காசு மரியா தெரேசா தாலர், ஒஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் தலை போட்ட வெள்ளிக்காசு. அவர் இறந்த பிறகும் அதே வருடத்தைப் போட்டு வெவ்வேறு நாடுகளில் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அரபு நாடுகளில் நிறைய ஓடியது. 28.07 கிராம், 83.3 சதவீதம். தண்ணீரில் 2.75 காட்டினால் நல்ல வெள்ளி. வருடத்துக்கு விலை கிடையாது, 23.4 கிராம் வெள்ளிக்கு உண்டு. ராமர் சீதை கம்பனிக் காசு என்று ஒன்றும் கிடையாது. சந்தையில் விற்கிற பித்தளை வில்லை அது.

களுவாஞ்சிக்குடியான்:
நன்றி அண்ணன். 1947 காந்தத்தில பாய்ஞ்சு ஒட்டுது. ஆனா அந்த 1862 காசு வெறும் 9.82 கிராம், தண்ணிக்குள்ள 1.12 காட்டுது. பழசு தேய்ஞ்சதால குறைஞ்சிருக்குமா?

பழங்காசு பாண்டிருப்பு:
9.82ஐ 1.12ஆல் பிரிச்சா 8.8. வெள்ளி இல்லை. தேய்ந்தால் நிறை குறையும், அடர்த்தி குறையாது. நல்லாப் புழங்கின ரூபாவே 11.3 பக்கம்தான் நிற்கும். கிட்டத்தட்ட 2 கிராம் தேய்ந்திருந்தால் அரசியின் முகமே அழிஞ்சிருக்கணும். அரசியின் தலைமுடிச் சுருள் கூர்மையாகத் தெரியுதா? அப்படியென்றால் போலி.

காத்தான்குடி நானா:
கடைப்பக்கம் நடக்கிறதையும் சொல்லுறன். கடைக்காரர் ஒரே விலை சொல்லுறது உங்கட நிக்கலையும் மனதில் வைத்துத்தான். பிரித்துக் கொண்டு போய், ‘இதில் இத்தனை கிராம் சுத்த வெள்ளி’ என்று நீங்களே கணக்குச் சொல்லுங்க. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி, உருக்குவதற்கு எவ்வளவு கழிப்பீங்க என்று வெளிப்படையாகக் கேளுங்க. இரண்டு மூன்று கடையில் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

உரைகல்லில் உரசவோ அராவவோ விடாதீங்க. அமிலம் சிவந்தால் வெள்ளி என்று தெரியும்தான், ஆனால் காசில் ஒரு தழும்பு நிற்கும். கதிர் மெசின் (எக்ஸ் கதிரால் உலோகத்தின் கலவையைக் காட்டுவது) உள்ள கடையில் காட்டலாம், காசுக்குச் சேதமில்லை. ஆனா அது மேல்படையை மட்டும் வாசிக்கும். தடிச்ச வெள்ளி முலாம் அதை ஏமாற்றும், 55 சதவீதக் காசும் சிலவேளை கூடக் காட்டும். தண்ணீர்ச் சோதனையோடு சேர்த்துப் பாருங்க.

காசுமாலைக்கு வளையம் பற்றவைத்துக் கழற்றிய காசாக இருந்தால் மேல் விளிம்பில் ஈயப்பொட்டுத் தெரியும். அது சேகரிப்பவருக்கு உதவாது, வெள்ளி விலைக்குத்தான்.

களுவாஞ்சிக்குடியான்:
நல்லது நானா. 1911ஐயும் 1893ஐயும் வைச்சிருக்கப் போறன். கனடாவில இருக்கிற மாமா பார்சல்ல அனுப்பச் சொல்லுறார், பிரச்சினை வருமா?

வாவிக்கரை:
பழைய காசு தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அனுப்ப முன்னம் தொல்லியல் திணைக்களத்தில் அனுமதிப்பத்திரம் வேணுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்க. இல்லாட்டி சுங்கத்தில் மறிப்பாங்க. வைச்சிருக்கிறதெண்டால் மெதுமெதுப்பான பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது பச்சைப் பிசினாகிக் காசில் ஒட்டும். இறப்பர் வளையமும் கந்தகத்தால் கறுக்க வைக்கும். தடிச்ச கடதாசிச் சட்டத்தில் ஒவ்வொன்றாக வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பக்கற்றோடு மூடுங்க. வாவிக் காத்து உப்பு, ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டி வரும்.