'செல்லுபடி'யா, 'இயைபு'வா? மூன்றாம் பாடத்துக்கு இரண்டு சொற்கள் தேவை

வணக்கம். இளங்கலை முதலாண்டு மெய்யியல் நூலின் மூன்றாம் பாடம் திங்களன்று அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்கள் இன்னும் நிற்கவில்லை. ஒரு வாதத்தில் எடுகூற்றுகளிலிருந்து (முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்றுகள்) முடிவு தப்பாமல் பிறந்தால் ஒன்று. அதோடு எடுகூற்றுகளும் உண்மையாக இருந்தால் இன்னொன்று. வரைவில் இரண்டுக்கும் 'சரியான வாதம்' என்றே இருக்கிறது. கோளாறு அங்கேதான்.

"எல்லாப் பறவைகளும் பறக்கும், நெருப்புக்கோழி பறவை, ஆகவே நெருப்புக்கோழி பறக்கும்." வடிவில் பழுதில்லை, முதற்கூற்று பொய்.

"எல்லா மாமரங்களும் மரங்கள், சில மரங்கள் காய்க்கும், ஆகவே மாமரங்கள் காய்க்கும்." மூன்றும் உண்மை, வாதம் பழுது. மாமரத்தை எடுத்துவிட்டுப் பூனையையும், மரத்துக்கு விலங்கையும், காய்ப்பதற்குக் குரைப்பதையும் போட்டால் வண்டவாளம் வெளிவரும்: பூனை குரைக்கும்!

* * *

முதலாவதற்குச் 'செல்லுபடி' போதுமே ஐயா. செல்லும், செல்லாது என்று எதிர்மறையும் கையோடு வருகிறது. பேருந்துச் சீட்டு வாங்கிய எவருக்கும் புரியும். இரண்டாவதற்குத் 'திடமான வாதம்'. 'வலுவான' மட்டும் வேண்டாம். ஏழாம் பாடத்தில் தொகுத்தறிதலுக்கு (சிலவற்றைக் கண்டு பொதுமுடிவுக்கு வருதல்) அது தேவைப்படும்.

* * *

> செல்லும், செல்லாது

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமற்போயின. தாளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான். வாதத்தின் வடிவம் எந்த அறிவிப்பாலும் செல்லாததாகாது. மாணவர் மனத்தில் 'யாரோ செல்லும் என்று சொன்னதால் செல்கிறது' என்று பதிந்துவிடும். 'ஏற்புடைய' என்பதிலும் இதே நோய். என் பரிந்துரை 'இயைபு', இயையும், இயையாது. 'திடம்' வடசொல், 'திண்ணிய வாதம்' எனலாம்.

* * *

இயைபு என்றதும் தமிழ் படித்தவருக்கு இயைபுத்தொடைதான் நினைவுக்கு வரும். அடிக்கடைசி ஒன்றினால் வாதம் ஒன்றிவிடுமா? :-)

புதிதாகப் படைப்பானேன்? மணிமேகலை 29ஆம் காதையில் பக்கம் (நிறுவவேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), அவற்றின் போலிகள் (சரிபோல் தோன்றும் பிழைகள்) எல்லாம் அடுக்கடுக்காக இருக்கின்றனவே.

* * *

இருக்கின்றன. நாம் தேடும் சொல்தான் அங்கே கிடைக்காது, அம்மா. 'சத்தம் அழியக்கூடியது, கண்ணுக்குப் புலப்படுவதால்' என்பது அங்கே ஏதுப்போலி. சத்தம் கண்ணுக்குப் புலப்படாது என்பதால் ஏதுவே அசித்தம் (நிலைநாட்டப்படாதது). நம் பாடத்தின்படி அதை விரித்து எழுதுங்கள்: "கண்ணுக்குப் புலப்படுவன எல்லாம் அழியும், சத்தம் கண்ணுக்குப் புலப்படுவது, ஆகவே சத்தம் அழியும்." வடிவம் சுத்தம், இரண்டாம் கூற்று பொய். பழைய அளவையில் (தருக்கத்தில்) வடிவத்தையும் பொருளையும் தனித்தனியே நிறுப்பதில்லை. ஏது பொய்யானால் அனுமானமே கெட்டது. 'போலி'யை மட்டும் எடுத்துக்கொள்வோம், அது பொன்னான சொல்.

* * *

இடையில் ஒன்று. உள்ளத்தில் உண்மை, வாயில் வாய்மை, மெய்யில் மெய்மை. பாடத்தின் தொடக்கத்தில் இதைச் சேர்த்தால் அழகாக இருக்கும்.

* * *

மேடைக்கு அழகு, பாடத்துக்கு ஆகாது. தொல்காப்பியம் வினையியலில் 'அன்மையின் இன்மையின் உண்மையின்' என்று வருவதைப் பாருங்கள். உண்மை அங்கே உள்ளதாந்தன்மை, இன்மைக்கு மறுதலை. உள்ளத்துக்கு அங்கே வேலையில்லை. வாய்மையோ, தீமை இல்லாத சொல் என்கிறது 291ஆம் குறள். அது சொல்பவரின் அறம். கூற்றுக்கு 'உண்மை' என்பதே போதும். வாதத்தை மட்டும் ஓரிடத்திலும் 'உண்மை' என்று எழுதாதீர்கள்.

* * *

இலங்கையில் உயர்தரப் பாடத்தின் பெயரே 'அளவையியலும் விஞ்ஞான முறையும்'. நாம் இயல் பெயரையாவது ஒன்றாக வைத்துக்கொள்ளலாமே? ஏரணம், தருக்கம், அளவை என்று இதே வரைவில் மூன்று பெயர்கள் கண்ணில் பட்டன.

* * *

அதைத் தொட்டால் நூல் அடுத்த ஆண்டுதான் வரும். இயல் பெயர் அளவையியல். மற்ற இரண்டையும் நீக்கிவிட்டேன். ஐவர் 'செல்லுபடி', இருவர் 'இயைபு'. ஆகவே செல்லுபடியாகும் வாதம், திண்ணிய வாதம். ரூபாய் நோட்டு எச்சரிக்கை அடிக்குறிப்பாகப் போகிறது.

* * *

அடிக்குறிப்பு போட்டு விளக்கவேண்டிய சொல்லை எளிய சொல் என்கிறீர்கள். போகட்டும். 'செல்லாத வாதம்' என்று மட்டும் சுருக்காதீர்கள். 'எடுபடாத பேச்சு' என்றுதான் படிப்பார்கள். நான்கு இடங்களில் அப்படி இருக்கிறது, 'செல்லுபடியாகாத' என்று முழுதாக மாற்றுங்கள்.