நாலு பருவத்துக்கும் ஒரே டூவே (உள்ளே நிரப்பு வைத்த, உறை போடும் போர்வை): 4.5 + 9 செட்டா, கம்பளியா, ஆளுக்கொண்ணா?

லீட்ஸ்_வாசி
இங்கிலாந்தின் வடக்கே, பழைய செங்கல் கட்டடத்தில் வாடகை வீடு. கட்டில் கிங் அளவு, 150 x 200 செ.மீ. குளிர்காலத்தில் ராத்திரி ஹீட்டிங் நின்றதும் அறை 15 டிகிரிக்கு இறங்கும், ஜூலையில் 24 வரை ஏறும். கட்டிலில் ஒருத்தருக்கு எப்பவும் கால் ஜில்லென்று இருக்கும், இன்னொருத்தருக்கு வியர்க்கும். வாஷிங் மெஷின் 7 கிலோ, டிரையர் இல்லை. கடையில் 'ஆல் சீசன்' என்று 4.5 டாக், 9 டாக் இரண்டையும் பிரஸ் பட்டனால் சேர்க்கிற செட் காட்டுகிறார்கள். ரெண்டு வருஷத்தில் தூக்கிப் போடாத மாதிரி ஒன்று வேண்டும். எதை எடுக்கலாம்?

முத்துவேல்_77
அந்த செட்டையே எடுங்க, ரொம்ப யோசிக்காதீங்க. டாக்குங்கறது வெப்பத்தடையோட அளவு. மான்செஸ்டர்ல ஷர்லி இன்ஸ்டிடியூட்காரங்க 1940கள்ல கொண்டுவந்தது. துணியோட ரெண்டு பக்கத்துக்கும் 0.1 டிகிரி வித்தியாசம் இருக்கறப்ப சதுர மீட்டருக்கு ஒரு வாட் வெப்பம் கடந்தா அது 1 டாக். ஒண்ணு மேல ஒண்ணு போட்டா தடை கூடும், அதனாலதான் 4.5 + 9 = 13.5. ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் 4.5, நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் ரெண்டும், நடுவுல 9. ஒரே காசுல மூணு போர்வை.

பாலியஸ்டர் பஞ்சு வெச்சதா எடுங்க. லேபிள்ல 60 டிகிரி போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க. தூசிப்பூச்சி சாகறது அந்தச் சூட்டுலதான். 30லயும் 40லயும் துவைச்சா அழுக்கு போகும், பூச்சி பெரும்பாலும் பிழைச்சுக்கும்.

ஊசிநூல்
கூட்டல் சரி. அந்த எண் எதை அளக்கிறது என்பதுதான் கேள்வி. டாக் சோதனை சூடான தட்டின் மேல், காய்ந்த துணியில் நடக்கிறது. தட்டுக்கு வியர்க்காது. ஒருவருக்கு வியர்க்கிறது என்று கேள்வியிலேயே இருக்கிறது. அதற்கு டாக்கில் பதில் கிடையாது.

பார்க்க வேண்டியது இழை எவ்வளவு ஈரத்தை உள்ளே இழுக்கும் என்பதை. 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் இழை தன் காய்ந்த எடையில் எவ்வளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும் என்று நூற்பாலைகளில் ஒரு கணக்கு உண்டு. கம்பளி ஏறத்தாழ 16 சதவீதம், பட்டு 11, பருத்தி 8 சொச்சம், பாலியஸ்டர் 0.4. பாலியஸ்டரில் நீராவி இழைக்குள் போக வழியில்லை. இடையில் நின்று, விடியற்காலையில் மேல்துணி குளிர்ந்ததும் நசநசப்பாகிறது. உடனே போர்வையை உதறித் தள்ளுவார், பத்து நிமிடத்தில் குளிரும், மறுபடி இழுப்பார். 4.5 போட்டாலும் 13.5 போட்டாலும் இந்த ஆட்டம் நிற்காது.

நடுத்தர எடையில் ஒரே கம்பளி டூவே போதும். சனவரியில் மட்டும் மேலே ஒரு பருத்திப் போர்வை. ஊரிலிருந்து கொண்டுவந்த சென்னிமலைப் போர்வை பெட்டியில் கிடந்தால் அதுவே.

கொன்றை
கம்பளிக்காரர்கள் எப்போதும் ஈரத்தைப் பற்றிப் பேசுவார்கள், துவைப்பதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

'மெஷினில் துவைக்கலாம்' என்று எழுதிய கம்பளி பெரும்பாலும் சூப்பர்வாஷ். இழையின் மேல் இருக்கும் செதில்களைக் குளோரின் வைத்து மழுக்கி, அதற்கு மேல் மெல்லிய பிசின் பூச்சு கொடுக்கிறார்கள். செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாததால்தான் அது சுருங்குவதில்லை. இயற்கைப் பொருள் என்று காசு கொடுத்து பிளாஸ்டிக் பூசிய இழையை வாங்குகிறீர்கள். காட்ஸ் என்ற இயற்கை வேளாண் துணிச் சான்றிதழ் இருந்தால் குளோரினுக்கு இடமில்லை. அப்போது மெஷினில் போட்டால் பெரும்பாலும் தகடாகிவிடும். ஒன்று சுற்றுச்சூழல், இல்லையென்றால் சலவை. இதில் எது என்று கேட்டு முடிவு செய்துவிட்டுப் பரிந்துரையுங்கள்.

ஊசிநூல்
நியாயமான இடத்தில்தான் பிடித்தீர்கள். காட்ஸ் கம்பளியைத் துவைக்கக் கூடாது, நானும் துவைக்கச் சொல்லவில்லை. உறையைத் துவைக்க வேண்டும். பெர்கேல் என்ற நெருக்கமான சாதா நெசவுப் பருத்தி உறை, 200 முதல் 300 நூல் எண்ணிக்கை, வாரம் ஒருமுறை 60 டிகிரி. வியர்வையும் எண்ணெயும் படிவது அங்கேதான். கழுத்துப் பக்கம் கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கம்பளிச் சோப்பு போட்டு ஒற்றி எடுக்கலாம். பயோ என்று போட்ட சோப்புத்தூளைத் தொடவே வேண்டாம். அதில் உள்ள புரோட்டீஸ் நொதி புரதத்தை அரிக்கும். கம்பளி, பட்டு, இறகு மூன்றுமே புரதம்.

காற்றாட விடுவது இன்னும் முக்கியம். எழுந்ததும் கட்டிலை அழகாக விரித்து மூடுகிறார்களே, அதுதான் தப்பு. ராத்திரி உடம்பு விட்ட ஈரமெல்லாம் மெத்தைக்கும் போர்வைக்கும் நடுவில் அடைபட்டுப் போகும். கால்மாட்டுக்கு மடித்துத் தள்ளி அரைமணி நேரம் சன்னலைத் திறந்து வையுங்கள். குளிர்ந்து காய்ந்த நாள் இதற்கு நல்லது. மழை நாளில் வெளியே போட்டால் ஈரத்தைக் குடித்துவிட்டு உள்ளே வரும்.

கொன்றை
குழந்தை மூத்திரம் போனால் ஒற்றி எடுக்க முடியாது, அவ்வளவுதான் என் வாதம். ஒரு வயதுக்குக் கீழே இருந்தால் அந்தக் கேள்வியே இல்லை, அந்த வயதுக்கு டூவேயே ஆகாது. பெற்றோரின் டூவேக்குள்ளும் படுக்க வைக்கக் கூடாது.

அந்துப்பூச்சியை ஏன் விட்டீர்கள்? அதன் புழுவுக்கு வியர்வை படிந்த கம்பளி என்றால் விருந்து. கோடையில் மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினால் செப்டம்பரில் எடுக்கும்போது மேல்துணியில் ஓட்டை இருக்கும்.

ஊசிநூல்
அதனால்தான் ஆண்டு முழுக்கப் பயன்படுத்துகிற எடையில் வாங்கச் சொன்னேன். கட்டிலுக்கடியில் போவதே இல்லை. சந்தேகம் வந்தால் பையில் கட்டி −18 டிகிரியில் இரண்டு வாரம். கிங் டூவே வீட்டு ஃப்ரீசருக்குள் போகாது என்று அடுத்து சொல்வீர்கள். போகாதுதான்.

வடமராட்சியான்
ஏன் எல்லாரும் ஒரே போர்வைக்குள்ள ரெண்டு பேரைப் போட்டுக்கொண்டே கதைக்கிறியள்? கேட்டவர் முதல் பந்தியிலேயே சொல்லிப்போட்டார், ஒராளுக்குக் கால் விறைக்குது, மற்றாளுக்கு வேர்க்குது எண்டு. ரெண்டு பேருக்கும் ஒரு நம்பர் எப்பிடிச் சரிவரும்?

ஜெர்மனியில பாருங்கோ, சோடியா இருந்தாலும் ஆளுக்கொரு தனிப்போர்வை, 135 x 200. இஞ்ச சிங்கிள் எண்டு விக்கிறதும் அதே அளவுதான். குளிர் பிடிக்கிறவருக்கு 10.5, வேர்க்கிறவருக்கு 4.5. சண்டையும் இல்லை, இழுபறியும் இல்லை.

இன்னுமொண்டு. 7 கிலோ மெசினுக்க கிங் 9 டாக் அடங்காது. அது நிறைப் பிரச்சினையில்லை, போர்வை மூண்டு கிலோவும் வராது. இடம்தான் காணாது. ட்ரம்முக்க திணிச்சுப் போட்டா நடுப்பஞ்சு நனையாமலே கிடக்கும், சவர்க்காரமும் கழுவுப்படாது. போட்ட பிறகு மேல ஒரு சாண் வெளி தெரிய வேணும். சிங்கிள் 4.5 தாராளமா அடங்கும். 10.5ம் பெரும்பாலும் அடங்கும், கையால அமத்திப் பாருங்கோ.

முத்துவேல்_77
> ஆளுக்கொரு தனிப்போர்வை

அண்ணே, நடுவுல இடைவெளி வருமே? 15 டிகிரி அறையில ரெண்டு பேரும் ஒருக்களிச்சுப் படுத்தா நடுவுல கால்வாய் மாதிரி காத்து ஓடும். கிங் டூவே 225 அகலம், 150 கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் 37 செ.மீ. தொங்கும். நல்லாவே மூடுது.

வடமராட்சியான்
கணக்கைப் பாருங்கோ தம்பி. ரெண்டு சிங்கிள் சேர்ந்தா 270. நடுவில 30 செ.மீ. ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறினா 240 மிஞ்சும், கரைக்கு 45 தொங்கும். கிங்கை விடக் கூட. மேல ஏறுறது மெல்லிசுப் போர்வையா இருக்க வேணும். மொத்தமானது மேல கிடந்தா வேர்க்கிற ஆளின்ர பக்கம் சரிஞ்சு விழும்.

முத்துவேல்_77
சரி, அகலத்துல நீங்க ஜெயிச்சீங்க. ஆனா மூணு பருவம்? 10.5ஐ ஜூலையில போர்த்தினா குளிர் பிடிக்கிற ஆளே எழுந்து ஓடிடுவார்.

வடமராட்சியான்
ஜூலையில பஞ்சை எடுத்துப்போட்டு வெறும் உறையைப் போர்த்துங்கோ. 2022 ஜூலையில இங்கிலாந்தில 40 டிகிரி தாண்டினது. அண்டைக்கு உங்கட 4.5ம்தான் பாரம்.

லீட்ஸ்_வாசி
ரெண்டு சிங்கிள் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் முதலில் நினைத்த கிளிப் செட்டில் உண்மையில் என்ன பிரச்சினை வரும்? வாத்து இறகு பற்றி யாருமே பேசவில்லையே?

ஊசிநூல்
கிளிப் செட்டில் இரண்டு கோளாறு. முதலாவது, நாலு மூலையில் மட்டும் பட்டன் வைத்தது. கிங் அளவில் நடுப்பகுதி சரிந்து, ஒரு அடுக்கு கால்மாட்டில் உருண்டு கிடக்கும். விளிம்பின் நடுவிலும் பட்டன் அல்லது நாடா இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், மொத்தம் எட்டாவது வேண்டும். இரண்டாவது, தையல். கட்டம் போட்ட இடத்தில் மேல்துணியையும் கீழ்துணியையும் சேர்த்துத் தைத்திருந்தால் அந்தக் கோட்டில் பஞ்சே கிடையாது. இரண்டு அடுக்கிலும் கட்டம் ஒரே அளவாக இருந்து கோடு மேல் கோடு விழுந்தால், 13.5 என்று எழுதியிருந்தாலும் அந்த வரிசையில் குளிரும்.

கடையிலேயே பார்த்துவிடலாம். தையலை விரலாலும் கட்டைவிரலாலும் பிடித்து உருட்டுங்கள். இரண்டு துணி மட்டும் தட்டையாகத் தட்டுப்பட்டால் நேர்த்தையல். நடுவில் ஒரு துணிப்பட்டை செங்குத்தாக நின்று, இரண்டு துணியும் விலகினால் அது பெட்டித்தையல். இறகுக்குப் பெட்டித்தையல் அவசியம். பாலியஸ்டரில் எடையைக் கூட்டிச் சமாளிக்கிறார்கள்.

முத்துவேல்_77
இறகுல லேபிளோட வார்த்தையைக் கவனிங்க. 'ஃபெதர் அண்ட் டவுன்'னு போட்டிருந்தா பாதிக்கு மேல தண்டுள்ள இறகு. குத்தும், கனக்கும். 'டவுன்'னு (தண்டில்லாத தூவி) முன்னால போட்டு 80, 90 சதவீதம்னு எழுதியிருந்தாதான் உள்ளே பஞ்சு மாதிரி மிருதுவா இருக்கும். வெப்பத்துக்கு எடை பாத்தா டவுனை எதுவும் அடிக்க முடியாது. ஆர்டிஎஸ் முத்திரை இருந்தா உயிரோட பிடுங்கினது, வலுக்கட்டாயமா தீனி திணிச்சது ரெண்டுக்கும் தடை.

ஆனா உங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன், டிரையர் இல்லைன்னீங்களே. டவுனைத் துவைச்சா குறைஞ்ச சூட்டுல, ரெண்டு மூணு டென்னிஸ் பந்து போட்டு, மூணு நாலு மணி நேரம் ஓட்டணும். அரைமணிக்கு ஒருதரம் எடுத்து உதறி, கட்டியைக் கையால உடைக்கணும். சன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா கறுப்புத் திட்டு தெரியக்கூடாது. தெரிஞ்சா உள்ள இன்னும் ஈரம். அப்படியே மடிச்சு வெச்சா ஒரு வாரத்துல கோழிப்பண்ணை வாசனை.

கொன்றை
பாலியஸ்டரை முத்துவேல் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. மறுசுழற்சி பாட்டிலில் செய்தது என்று பச்சை இலைப் படம் போட்டு விற்பார்கள். பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம், போர்வையான பிறகு அது அநேகமாகத் திரும்பாது. தொண்டு நிறுவனக் கடைகள் பெரும்பாலும் டூவே வாங்குவதில்லை, துணி வங்கிப் பெட்டியிலும் போடக் கூடாது என்பார்கள். நாய்க் காப்பகம் சிலது வாங்கும், அதுவும் இறகு இல்லாததை. ஆகவே எத்தனை வருஷம் ஓடும் என்பதுதான் சுற்றுச்சூழல் கணக்கு. வெற்றிடப் பையில் அமுக்கி ஆறு மாதம் வைத்தால் பஞ்சு பழையபடி எழும்பாமல் போகலாம். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் இழை வழவழத்துக் கட்டி கட்டும். பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள்.

இன்னொன்று, எந்த முகாமாக இருந்தாலும் பாலியஸ்டர் உறை போடாதீர்கள். கம்பளியை மழைக்கோட்டுக்குள் வைத்த மாதிரி ஆகும். பருத்தி உறை வாங்கி லேபிளைத் திருப்பிப் பாருங்கள், இந்தியா என்று இருந்தால் கரூர்ச் சரக்காகவும் இருக்கலாம்.

ஊசிநூல்
உறை பற்றி வந்ததால் ஒன்று. ஐக்கியாவில் கிங் டூவே 240 x 220, மற்ற பிரிட்டிஷ் கடைகளில் 225 x 220. ஒன்றை மற்றதின் உறைக்குள் திணித்தால் 15 செ.மீ. மடிந்து ஒரு ஓரம் திண்டு மாதிரி இருக்கும். சிங்கிளிலும் அதே கதை, அங்கே 150 அகலம், இங்கே 135.

லீட்ஸ்_வாசி
அப்படியென்றால்: வியர்க்கிறவருக்கு இலகுவான கம்பளி சிங்கிள், காட்ஸ், துவைப்பதில்லை. குளிர்கிறவருக்கு 10.5 பாலியஸ்டர் சிங்கிள், 60 டிகிரி லேபிள். இரண்டுக்கும் பெர்கேல் உறை. கம்பளிப் போர்வையில் டாக் இல்லாமல் ஜிஎஸ்எம் மட்டும் போட்டிருக்கிறது, அதை எப்படி ஒப்பிடுவது?

ஊசிநூல்
ஜிஎஸ்எம் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் நிரப்பு என்பது மட்டும். கம்பளியோடு கம்பளியை ஒப்பிடலாம், டாக்காக மாற்ற முடியாது. 300 ஜிஎஸ்எம் டவுனும் 300 ஜிஎஸ்எம் கம்பளியும் ஒரே சூடு தராது, டவுன் பல மடங்கு பொங்கும். கோடை, நடுத்தரம், குளிர் என்று ஒரே தயாரிப்பாளர் மூன்று எடை வைத்திருந்தால் நடுவில் உள்ளதை எடுங்கள்.

கொன்றை
வியர்க்கிறவருக்கா? கோடை எடை. நடுத்தரம் எடுத்தால் ஆகஸ்டில் இதே இடத்தில் வந்து கேட்பார்.

வடமராட்சியான்
கோடை எடையை எடுங்கோ. அவர்தான் மேல ஏறுற மெல்லிசு.