மண்சுவர் வீடுகளுக்குப் பூச்சு: தேங்காய் மட்டையை எரிக்க வேண்டாம்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பூட்டிக் கிடக்கும் மண்சுவர் வீடுகளுக்குச் சிமெண்ட் பூசலாம் என்று கொத்தனார் சொன்னால் தயவுசெய்து தலையாட்டிவிடாதீர்கள். மண்சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கும். உள்ளே தங்கிய ஈரத்தில் சுவர் இளகி, பூச்சு மண்ணையும் பெயர்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழும்.

நார் கலந்த மண்பூச்சே சரி. மண் காயும்போது சுருங்கும். அந்த இழுவிசையை நார் பங்கிட்டு வாங்கிக்கொள்வதால் பெரிய வெடிப்பு விழாது. வேண்டிய நார் வீட்டுக் குப்பையிலேயே கிடைக்கும்: தேங்காய் மட்டை, கிழிந்த சணல் சாக்கு, அறுந்த தாம்புக் கயிறு. இவற்றில் தேங்காய் நார்தான் மேல், எளிதில் மக்காது. சாக்கு என்றால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலாக உதிர்ந்தால் சணல்; உருகி மணிபோல் உருண்டால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் மண் பிடிக்காது.

மட்டையை நாலைந்து நாள் தொட்டியில் ஊறப்போட்டு, கட்டையால் தட்டினால் நார் பிரியும். நார்த்தூளை நன்றாக உதறிவிட வேண்டும். அது நீரை உறிஞ்சி உப்பிக் காயும்போது சுருங்குவதால் பூச்சு பொத்தலாகும். செடிக்குப் போடலாம். நாரை இரண்டு விரற்கடை நீளத்துக்கு வெட்டுங்கள். நீளமாக விட்டால் சுருண்டு பந்தாகும்.

களிமண் 1 சட்டி, சலித்த மணல் 2 சட்டி என்று தொடங்கலாம். கடற்கரை மணல் கூடாது, உப்புப் பூக்கும். குழைத்து, ஈரச்சாக்கால் மூடி மூன்று நாள் புளிக்கவிட்டு, பிறகு நாரைத் தூவித் தூவி மிதிக்க வேண்டும். 10 சட்டிக் கலவைக்கு, அமுக்காமல் அள்ளிய நார் 2 சட்டி. கூடினால் மண்ணின் பிடிப்பு போய்விடும்.

முதலில் சுவரில் ஓர் அடிச் சதுரமாக மூன்று மாதிரி பூசிக் காயவிடுங்கள். வெடித்தால் மணல் கூட்டுங்கள். விரலால் தேய்க்கும்போது பொடி உதிர்ந்தால் களிமண் கூட்டுங்கள். ஊருக்கு ஊர் மண் மாறும், ஆகவே இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பழைய சுவரைச் சுரண்டி, நீர் தெளித்த பிறகே பூச வேண்டும். காய்ந்த சுவர் பூச்சின் நீரை உடனே இழுத்துக்கொள்ளும், பிடிப்பு வராது. முதல் பூச்சு அரை அங்குலம். அது முழுதும் காய்ந்தபின், பொடியாக நறுக்கிய நாரோடு கால் அங்குலம்.

ஐப்பசி, கார்த்திகையில் காயாது. சித்திரை வெயிலில் வெடிக்கும். தை, மாசிதான் தோது. பொங்கலுக்கு வருகிறவர்கள், மட்டைகளை அடுப்பில் போடாமல் சேர்த்து வைக்கும்படி இப்போதே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.