38.3 கண்டவுடனே பனடோல் குடுக்கிறதா?

மாணவத்தாதி_அம்பாறை:
12 கிலோ பிள்ளை, கக்கத்தில 38.3, ஆனா விளையாடுது. பரசிற்றமோல் குடுக்கிறதா? குடுத்து ஒரு மணித்தியாலத்தில 39 எண்டால் சப்போசிட்டரியும் (மலவாசலால வைக்கிற மருந்து) வைக்கலாமா? ஐஸ் தண்ணியால துடைக்கச் சொல்லி ஒருத்தர், வேணாமெண்டு இன்னொருத்தர். எது சரி?

கல்லடி_சிஸ்டர்:
தங்கச்சி, மருந்து பிள்ளையிர அந்தரத்துக்கு, வெப்பமானிக்கு இல்ல. விளையாடிற பிள்ளைக்கு அவசரமில்ல. ஆனா 3 மாதத்துக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு 38 எண்டாலே உடனே டொக்டர் பார்க்கணும்.

அளவு வயசுக்கில்ல, நிறைக்கு: கிலோவுக்கு 10 - 15 மில்லிகிராம். 12 கிலோவுக்கு 120 - 180. 5 மில்லிலீற்றரில 120 மி.கி. உள்ள பாணியெண்டால் 5 - 7.5 மில்லி. 5 மில்லியில 250 மி.கி. உள்ள போத்தலும் இருக்கு, அதில 7.5 மில்லி ஊத்தினால் 375 போயிடும், இரண்டு மடங்குக்கு மேல. லேபிளைப் படிச்சு, சிரிஞ்சால அளங்க. வீட்டுக் கரண்டி ஒண்டு மாதிரி ஒண்டில்ல.

சப்போசிட்டரியும் அதே பரசிற்றமோல்தான். ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்க: 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளைக்கு 4 தரம். வீட்டில கடைசியாக் குடுத்த நேரத்தைக் கேட்டு அட்டையில எழுதாததாலதான் அநேகமாப் பிழை வரும்.

வாட்7:
ஐஸ் வேணாம். தோல் இரத்தக்குழாய் சுருங்கி, நடுக்கம் வந்து, உள்சூடு ஏறும். துடைக்கிறதெண்டால் வெதுவெதுப்பான தண்ணி, நடுங்கினால் நிப்பாட்டுங்க. போர்வையையும் எடுத்துவிடுங்க.

பரசிற்றமோல் காய்ச்சல் வலிப்பைத் தடுக்காது, தாய்மாருக்கு அப்பிடிச் சொல்லிக் குடுக்காதீங்க. வந்தால் ஒருபக்கமாச் சரிச்சுப் படுக்கவையுங்க, வாயில கரண்டி வைக்கக்கூடாது, நேரத்தைப் பாருங்க. 5 நிமிசம் தாண்டினால் வலிப்பை நிப்பாட்டுற டயசிபாம் மருந்து வேணும்.

மாணவத்தாதி_அம்பாறை:
டைக்ளோபெனாக் எண்ட நோமருந்துச் சப்போசிட்டரி காய்ச்சலைக் கெதியா இறக்குமெண்டுறாங்களே?

கல்லடி_சிஸ்டர்:
இறக்கும். டெங்குவெண்டால் இரத்தக்கசிவையும் கூட்டும். மழைக்கால மட்டக்களப்பில எந்தக் காய்ச்சல் டெங்கு இல்லையெண்டு ஆர் சொல்லுவார்? இபுபுறுபன், அஸ்பிரினும் அப்பிடித்தான். 3ஆம் நாளுக்குள்ள முழு இரத்தப் பரிசோதனை எடுக்கணும்.

வாட்7:
டெங்குவில காய்ச்சல் விட்ட நேரம்தான் கண்ணை எடுக்கக்கூடாது. இரத்தநீர் கசியிறது அப்பதான். வயித்துநோ, விடாத சத்தி, கைகால் குளிர், 6 மணித்தியாலமாச் சலம் போகாதது, இதில ஒண்டு இருந்தாலும் உடனே டொக்டருக்குச் சொல்லுங்க. பிறசர் எடுக்கேக்க மேல் எண்ணை மட்டும் பார்க்காதீங்க: 100/80 எண்டால் இடைவெளி 20தான், அது சொக்குக்கு (இரத்த ஓட்டம் போதாத ஆபத்தான நிலை) போற பிள்ளை. இளநீர், கஞ்சி, ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல்) குடுக்கலாம். சிவப்புக் குளிர்பானம் வேணாம், சத்தியெடுத்தால் இரத்தமா நிறமா எண்டு தெரியாது.