மூன்று 20 நிமிடம் சேர்ந்தால் 0.99 மணியா?

நிமிடக்கணக்கன் எழுதியது:
நேற்று டைம்ஷீட் (யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழித்தார் என்ற பதிவு) இழையில் தசமதாசன் ஐயா ஓர் அருள்வாக்கு சொல்லியிருந்தார். பிறகு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று வரக்கூடாது என்பதற்காக அப்படியே எடுத்துப் போடுகிறேன்: “ஒவ்வொரு பதிவையும் மணியாக்கி, இரண்டு தசம இடத்துக்குக் கிட்டிய எண்ணாகச் சேமித்தால் போதும். சப்டாஸ்க்கும் தாய் டாஸ்க்கும் தானாகப் பொருந்திவிடும்.”

பொருந்துமா? ஒரு டாஸ்க்குக்குக் கீழே, அதன் துண்டு வேலைகளாக மூன்று சப்டாஸ்க், ஒவ்வொன்றிலும் 20 நிமிட வேலை. 20 நிமிடம் என்பது 0.33 மணி. மூன்றையும் கூட்டுங்கள். 0.99. ஆட்கள் உழைத்தது ஒரு மணி நேரம், கணக்கில் இருப்பது 0.99. மீதியைக் காக்கை தூக்கிப் போனதா?

நிமிடத்தை முழு எண்ணாகச் சேமியுங்கள். காட்டும்போது மட்டும் மணியாக்குங்கள். வேலைகளையும் நேரத்தையும் பதிவு செய்யும் ஜிரா மென்பொருள் வினாடிக் கணக்கிலேயே வைத்திருக்கிறது. அவர்களுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கிறது போல.

தசமதாசன் எழுதியது:
என் பெயரில் தனி இழை தொடங்கும் அளவுக்கு நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன், நன்றி. 0.01 மணி என்றால் 36 வினாடி. அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? அந்த மூன்று பேரும் 20 நிமிடம் என்று போட்டதே குத்துமதிப்பு. ஒருவர் 17 நிமிடம் பார்த்திருப்பார், இன்னொருவர் 26. குத்துமதிப்பை வினாடி சுத்தமாகக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறீர்கள்? 40 நிமிடத்தை எடுத்தால் 0.67, மூன்று சேர்ந்தால் 2.01. இங்கே குறைவது அங்கே ஏறுகிறது. மாதக் கடைசியில் சமமாகிவிடும்.

நிமிடக்கணக்கன் எழுதியது:
சமமாகிவிடுமாம்! இதற்குத்தான் காத்திருந்தேன்.

5 நிமிடம் என்பது 0.08 மணி. சப்போர்ட் வேலையில் இருப்பவர் ஒரு நாளில் பன்னிரண்டு ஐந்து நிமிடப் பதிவு போடுவது சாதாரணம். கூட்டினால் 0.96, அதாவது 57.6 நிமிடம். நாள்தோறும் அதே 5 நிமிடங்கள்தான், ஏற்றிக் கொடுக்க எதிர்ப் பக்கத்தில் யாரும் இல்லை. 10 நிமிடம் என்பது 0.17, ஆறு பதிவு போட்டால் 1.02. ஒரே ஒரு மணி நேரம், எப்படித் துண்டு போடுகிறோம் என்பதைப் பொறுத்து 0.96, 0.99, 1.02 என்று மூன்று வேஷம் கட்டுகிறது. இதற்குப் பெயர் பொருத்தமா?

0.99. இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

டிக்கெட்_ராணி எழுதியது:
நாற்பது பேரின் டைம்ஷீட் பார்ப்பவள் நான். 36 வினாடியால் எனக்கு ஒரு நாளும் தூக்கம் போனதில்லை. தூக்கம் போவது வேறு இடத்தில். 10 மணி நேரம் ஆகும் என்று எஸ்டிமேட், 9 மணி நேரம் செலவானதாக லாக் ஆகிவிட்டது, வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. லாக் போடும்போது மீதி நேரத்தைத் தானாகக் குறைப்பதுதான் ஜிராவின் இயல்பு அமைப்பு. அதைக் கையால் மாற்றவும் இடம் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஆகவே மீதி 1 மணி என்று நிற்கிறது. அதை நம்பி நான் வாடிக்கையாளரிடம் தேதி சொல்ல வேண்டும். அது 1 ஆனால் என்ன, 0.99 ஆனால் என்ன, பொய்தானே?

நிமிடக்கணக்கன் எழுதியது:
அது வேறு பிரச்சினை, வேறு இழை. போன மாதம் சதவீத இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசை திருப்பினீர்கள்.

டிக்கெட்_ராணி எழுதியது:
நீங்களே இழுத்ததால் சொல்கிறேன். முடிந்த சதவீதம் என்பது செலவழித்த நேரத்தை மொத்தத்தால் வகுப்பதுதான் என்று அங்கே பக்கம் பக்கமாக எழுதியவர் யார்? ஓப்பன்ப்ராஜெக்ட் என்ற திட்ட மென்பொருளின் 14ஆம் பதிப்பில் மொத்த வேலையிலிருந்து மீதி வேலையைக் கழித்து மொத்தத்தால் வகுக்கிறார்கள், செலவழித்த நேரம் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை என்று காட்டினேன். அதன்பிறகு உங்களைக் காணோம். இன்றுதான் தரிசனம்.

நிமிடக்கணக்கன் எழுதியது:
நான் அங்கே பேசியது பொதுக் கொள்கை. ஏதோ ஒரு மென்பொருள் எப்படிச் செய்கிறது என்பது சான்றாகாது.

தசமதாசன் எழுதியது:
முதல் பதிவில் ஜிராவைச் சாட்சிக்கு அழைத்தவர் சொல்கிறார், மென்பொருள் சான்றாகாது என்று. சரி.

பழைய_சர்வர் எழுதியது:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘பொருந்துவது’ என்று எதைச் சொல்கிறீர்கள்? சப்டாஸ்க்குகளின் கூட்டுத்தொகை தாய் டாஸ்க்கோடு ஒத்துப்போவதா, ஒருவருடைய லாக் அவருடைய வருகைப் பதிவோடு ஒத்துப்போவதா, எஸ்டிமேட்டும் லாக்கும் மீதியும் ஒத்துப்போவதா? மூன்றும் மூன்று கதை. முதலில் அதைப் பேசிக்கொண்டால்...

நிமிடக்கணக்கன் எழுதியது:
பொருந்துவது என்றால் பொருந்துவதுதான். அகராதி வேலை வேண்டாம். 20, 20, 20. எல்கேஜி பிள்ளை கூட்டினால் 60. இவர் கூட்டினால் 0.99.

புதுவரவு_27 எழுதியது:
வணக்கம். ரெட்மைன் மென்பொருளில் ஒன்றரை மணி நேரத்துக்கு 1.30 என்று போட்டேன். அறிக்கையில் 1 மணி 18 நிமிடம் என்று வருகிறது. ஏன் என்று யாராவது சொல்ல முடியுமா?

தசமதாசன் எழுதியது:
தம்பி, புள்ளி வைத்தால் அது தசமம். 1.30 என்பது ஒரு மணியும் இன்னொரு மணியின் பத்தில் மூன்று பங்கும். 1.5 என்று போடுங்கள், அல்லது இரட்டைப்புள்ளி வைத்து 1:30 என்று போடுங்கள். இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். பழைய பதிவுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிமிடக்கணக்கன் எழுதியது:
பார்த்தீர்களா தசமத்தின் லட்சணத்தை! ஒரு புள்ளியால் ஒரு புதுப் பையன் 12 நிமிடத்தை இழந்து நிற்கிறான். முழு நிமிடமாக 90 என்று கேட்டிருந்தால் இந்தக் குழப்பம் வருமா?

புதுவரவு_27 எழுதியது:
நான் தம்பியும் இல்லை, பையனும் இல்லை. பதிலுக்கு நன்றி.

தசமதாசன் எழுதியது:
மன்னிக்கவும் அம்மா. முழு எண் பக்தருக்கு ஒரு கேள்வி. உங்கள் ஜிராவில் எஸ்டிமேட் ‘1 நாள்’ என்று ஒருவர் போடுகிறார். நாளுக்கு 8 மணி என்பது இயல்பு அமைப்பு, ஆகவே உள்ளே 28,800 வினாடி. அடுத்த மாதம் நிர்வாகம் நாளுக்கு 7 மணி என்று மாற்றுகிறது. பழைய ‘1 நாள்’ எல்லாம் ‘1 நாள் 1 மணி’ என்று நிற்கும். வினாடி சுத்தமாக இருக்கிறது, ஆனால் எஸ்டிமேட் கொடுத்தவர் சொன்னது ஒரு நாள். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டிலும் இதே வம்புதான். அங்கே நாளுக்கு எத்தனை மணி என்ற விருப்பத்தை மாற்றினால் காலண்டரில் வேலை நேரம் மாறுவதில்லை. நாளை மணியாக்கும் கணக்கு மட்டும் மாறும். இரண்டையும் சேர்த்து மாற்றாதவர்களின் அட்டவணையைப் பார்த்திருக்கிறீர்களா? இதில் உங்கள் முழு எண் எதைக் காப்பாற்றியது?

பழைய_சர்வர் எழுதியது:
எக்செல்லில் ஏற்றுமதி செய்பவர்கள் கதையும் இதுதான். அது நேரத்தை நாளின் பின்னமாக வைத்திருக்கிறது. வழக்கமான நேர வடிவத்தில் கூட்டுத்தொகை 25 மணி வந்தால் 1:00 என்று காட்டும். ஒரு முழு நாளே காணாமல் போகும், நீங்கள் 36 வினாடியைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நிமிடக்கணக்கன் எழுதியது:
எக்செல்லை யார் கேட்டார்கள்? நாள் கதையை யார் கேட்டார்கள்? பதில் இல்லாதவர்கள் எல்லோரும் ஊர் சுற்றுகிறார்கள்.

அனுபவத்தில் சொல்கிறேன், கேளுங்கள். முன்பு நான் இருந்த நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு இருபத்தொரு பதிவுகள், எல்லாமே 20 நிமிடம். இன்வாய்ஸில் வரிக்கு வரி 0.33. அடியில் மொத்தம் 7.00. அவர்கள் வரிகளைக் கூட்டிப் பார்த்தார்கள், 6.93. தொகை சொற்பம்தான். ஆனால் ‘உங்கள் மென்பொருளுக்குக் கூட்டத் தெரியாதா’ என்று கேட்டு பில்லை ஆறு வாரம் நிறுத்திவைத்தார்கள். அந்த ஆறு வாரமும் தினம் போனில் பதில் சொன்னவன் நான். 36 வினாடி என்று சிரிப்பவர்கள் அந்தப் போனை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தசமதாசன் எழுதியது:
இந்தக் கதைக்கு நான் உங்களுக்கு மாலையே போடலாம். மொத்தம் எப்படி 7.00 வந்தது? உள்ளே நிமிடம் முழு எண்ணாக இருந்ததால். வரி ஏன் 0.33? காட்டும்போது மட்டும் மணியாக்கியதால். உங்கள் முதல் பதிவின் மூன்றாவது பத்தி இதேதான்! நான் சொல்வதுபோல் 0.33ஐயே சேமித்திருந்தால் மொத்தமும் 6.93 என்றே வந்திருக்கும், யாரும் போன் செய்திருக்க மாட்டார்கள்.

டிக்கெட்_ராணி எழுதியது:
அடி சரியாக விழுந்திருக்கிறது.

நிமிடக்கணக்கன் எழுதியது:
மணியாக்குங்கள் என்று நான் சொன்னது 0:20 என்று காட்டும் பொருளில். தமிழ் தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். யாரும் போன் செய்யவில்லை என்பதற்காக 6.93 சரியான கணக்காகிவிடாது. ஏமாறுகிறவன் கவனிக்கவில்லை என்றால் அது நேர்மையா? என் ஆட்களின் நேரத்தைத் தின்றுவிட்டுக் கூட்டல் அழகாக இருக்கிறது என்கிறார். நான் இந்த வேலைக்கு வந்தபோது இவரெல்லாம்... சரி, வேண்டாம்.

தசமதாசன் எழுதியது:
சொல்லுங்கள், ஏன் நிறுத்திவிட்டீர்கள்? ‘காட்டும்போது மட்டும் மணியாக்குங்கள்.’ உங்கள் சொந்த வரி. இப்போது அது 0:20 ஆகிவிட்டதாம். அடுத்தது என்ன, மணற்கடிகாரமா?

பழைய_சர்வர் எழுதியது:
கால் மணித் துண்டுகளாக மட்டுமே பதிவு என்று வைத்தால் 0.25, 0.5, 0.75 எல்லாம் தசமத்தில் மிச்சமில்லாமல் நிற்கும். வக்கீல்கள் 6 நிமிடத் துண்டாக வைத்து 0.1, 0.1 என்று பில் போடுவதும் இதற்காகத்தான்.

நிமிடக்கணக்கன் எழுதியது:
4 நிமிடப் போனுக்கு 15 நிமிடம் பில் போடச் சொல்கிறீர்களா? நல்ல யோசனை. தசமதாசன் திருடுவது போதாதென்று நீங்கள் கொள்ளைக்கே வழி சொல்கிறீர்கள்.

தசமதாசன் எழுதியது:
‘திருடுவது’ என்ற சொல்லை மட்டுறுத்துநர் பார்வைக்கு அனுப்பியிருக்கிறேன்.

நிமிடக்கணக்கன் எழுதியது:
அனுப்புங்கள். 0.99ஐயும் சேர்த்து அனுப்புங்கள். நான் இத்தோடு விலகுகிறேன், எனக்கு வேலை இருக்கிறது.

டிக்கெட்_ராணி எழுதியது:
நீங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் என் 10 மணி டாஸ்க்கில் 11 மணி லாக் ஆகிவிட்டது. மீதி 0 என்று காட்டுகிறது. வேலை இன்னும் பாதி கிடக்கிறது.

நிமிடக்கணக்கன் எழுதியது:
0 முழு எண்தானே, அதில் என்ன குறை? மேலே என் பதிவில் ஒரு திருத்தம்: ஆறு வாரம் அல்ல, ஏழு.

தசமதாசன் எழுதியது:
6.93 வாரம் என்று போடுங்கள்.